வளையம் நிற்காத இடம்

அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பொத்தான் அறுந்தால்கூட அடுத்த வீட்டுக்குத்தான் ஓடுவாள். ஓடைக்கரை மண் தண்ணீரை எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அளப்பது அவள் வேலை. அதற்கான கருவியின் நடுவே முழ நீளத்துக்கு ஓர் எஃகு ஊசி உண்டு. அதைப் பிடித்துப் பிடித்துப் பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாசல் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார்.

கருவி பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு சாண் உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதைக் கரை மண்ணில் பாதிவரை சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். மேலே ஒரு மூடி, மூடியின் நடுவில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை. பக்கத்தில் கம்பத்தின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீரைத் துளை வழியே மண்மீது பீய்ச்சினால் மண்ணில் குழி விழும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மறித்துவிட்டு, அதே துளையில் ஊசியை இறக்கிக் குழியின் ஆழத்தைக் குறிக்க வேண்டும். குழி எவ்வளவு வேகமாக ஆழமாகிறது என்பதை வைத்து, வெள்ளம் வந்தால் அந்தக் கரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு இன்ஜினியர் வேலை, ஊசி இவள் வேலை.

இருபத்திரண்டு வருடமாக இதேதான். முதலில் சோதனைக்குத் தண்ணீர்க் குடம் சுமக்கத்தான் வந்தாள். ஒருநாள் ஊசி பிடிப்பவருக்குக் கை நடுங்க, இவளைப் பிடிக்கச் சொன்னார்கள். இவள் கை நடுங்கவில்லை. அவ்வளவுதான் கதை, குடம் போய் ஊசி வந்தது. ஈரத்தில் மண்டியிட்டு மண்டியிட்டு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசல் மண்ணைக் கிள்ளி, ஒரு துணுக்கைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பாள். நறநறவென்றால் மணல், வழவழவென்றால் களி. "உனக்கு விருந்தே வேண்டாம், வாசல் போதும்" என்று தங்கை கேலி செய்வாள்.

தங்கை இவளைவிடப் பன்னிரண்டு வயது சிறியவள். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து கல்யாணம் செய்து வைத்ததுவரை எல்லாம் இவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைக்க நேரமும் இல்லை, நினைத்தபோது வயதும் இல்லை. சின்ன வயதில் தங்கை இவள் பின்னாலேயே திரிந்ததைப் பார்த்து, ஊசி போகிற வழியில்தானே நூலும் போகும் என்று தெருவில் சிரிப்பார்கள். அந்த நூல் ஒன்றுதான் இவளுக்கு உறவு.

அலுவலகத்தில் இவளுக்கு ஒரு பெருமை இருந்தது. மற்றவர்கள் செய்கிற சோதனைகளில் பாதி வீணாகும். வளையம் சாயும், ஓரத்தில் தண்ணீர் கசியும், மண் சரிந்து ஊசியை மூடிவிடும். இவள் சோதனை ஒன்றுகூட வீணானதில்லை. கரையைப் பார்ப்பாள், கிள்ளுவாள், கடிப்பாள், நாலடி இப்படி, ஐந்தடி அப்படி நகர்வாள். "இங்க அடிங்க" என்பாள். அடித்தால் வளையம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கைராசி என்றார்கள் எல்லோரும். இவளும் அப்படித்தான் நம்பினாள்.

பத்து வருடத்துக்கு முன்னால் தங்கை வீட்டுக்காரர் ஓடைக்கரையில் ஒரு மனை பார்த்தார். அவர் தச்சர். கதவு, ஜன்னல் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தங்கை அக்காவிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, அந்தக் கரை எப்படி? நம்பிக் கட்டலாமா?"

அந்த மாதம்தான் இவள் அந்தக் கரையை அளந்து முடித்திருந்தாள். வரைபடத்தில் அதற்கு ஆறாம் இடம் என்று பெயர்.

"கெட்டிக் களிமண்ணுடி. என் ஊசி பொய் சொல்லாது. தைரியமா கட்டுங்க" என்றாள்.

கட்டினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொருவர் கட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஐந்து வருடத்தில் அங்கே இருபத்தோரு வீடு கொண்ட ஒரு தெரு வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஓடையை எட்டிப் பார்த்துத் தயங்கினால், பழையவர்கள் சொல்கிற பதில் ஒன்றுதான். "ஊசியக்கா தங்கச்சியே இங்கதான் இருக்கா. அப்புறம் என்ன பயம்?"

இப்போது அந்த நாளுக்கு வருவோம். மூன்று நாளாக விடாத மழை. காலை எட்டே முக்காலுக்கு இன்ஜினியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் வரைபடம், அது சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டீ கிளாஸ். நாலு வருடத்துக்கு முன் வந்த இளைஞர் அவர். வந்த வேகத்தில் எட்டு ஓடைகளின் பழைய நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓர் அட்டவணை செய்தவர். கரைகளின் ஜாதகம் என்று அதற்குப் பெயரும் வைத்தவர்.

"அக்கா, மேல அணை விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. மதியம் ஒரு மணிக்குத் திறந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. ரெண்டரைக்குத் தண்ணி நம்ம ஊருக்குள்ள வரும்."

"எத்தனை மணி நேரத்துக்கு சார்?"

"பத்து மணி நேரம். ஆறாம் இடம் பதினெட்டு மணி நேரம் தாங்கும்னு அட்டவணை சொல்லுது. அதனால கரைத் தெருவைக் காலி பண்ண வேண்டாம்னு எழுதிட்டேன். அளந்தவங்க கையெழுத்து வேணும். நோட்டு எண், பக்க எண் எழுதிப் போட்டுடுங்க."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பக்க எண் நினைவில் இல்லை. அலமாரியைத் திறந்து பத்து வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தாள். ஆறாம் இடத்தின் பக்கத்தில் அவள் கட்டைவிரல் ரேகை களிமண்ணாகக் காய்ந்திருந்தது. அதை ஒட்டி, ஓரத்தில், அவள் கையெழுத்தில் பொடியாக ஒரு வரி. 'வளையம் நிற்கவில்லை. ஐந்தடி தள்ளி வைத்தேன்.'



அவசரமாக முன்னும் பின்னும் புரட்டினாள். அந்த ஓடையில் மொத்தம் நாற்பத்தோரு இடம். அதில் பதினேழு பக்கத்தில் இதே மாதிரி ஓரக் குறிப்பு. ஓரிடத்தில் நாலடி, ஓரிடத்தில் எட்டடி. வளையம் ஏன் நிற்கவில்லை? மண்ணுக்கு வளையத்தைப் பிடித்துக்கொள்ளத் திராணி இல்லை, அதனால் நிற்கவில்லை. ஓர் இரும்பு வளையத்தைத் தாங்காத மண் வெள்ளத்தை எப்படித் தாங்கும்? பதில் சொல்லத் தெம்புள்ள மண்ணாகத் தேடித் தேடிக் கேள்வி கேட்டிருக்கிறாள். தெம்பில்லாத மண்ணை விட்டு நகர்ந்து போயிருக்கிறாள். அதற்குத்தான் கைராசி என்று பேர் வாங்கியிருக்கிறாள். இந்த இருபத்திரண்டு வருடமும் ஒருவருக்கும் இது உறைக்கவில்லையே என்று நமக்குத் தோன்றும். இவளுக்கே உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஒருவருக்கும் இல்லை என்றும் சொல்ல முடியாது. அட்டவணை செய்த நாட்களில் இன்ஜினியர் ஒரு தடவை கேட்டார். "அக்கா, இந்த ஓரத்துல இருக்கறதை எந்தக் கட்டத்துல போடறது? படிவத்துல இடமே இல்லையே." "அது ஒண்ணுமில்ல சார், எனக்காக எழுதினது" என்று சொல்லிவிட்டாள். படிவங்களே அப்படித்தான். கட்டத்துக்குள் அடங்காததை அவை கேட்பதே இல்லை, நாமும் சொல்வதில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது என்பதை மறைப்பானேன். ஓரக் குறிப்பை இனி யார் புரட்டப் போகிறார்கள்? ஒருவேளை கரை தாங்கியும் விடலாம். தப்பு என்று வாயைத் திறந்தால், போவது ஆறாம் இடம் மட்டுமில்லை. எட்டு ஓடைகளின் ஜாதகமும், அவளுடைய இருபத்திரண்டு வருடமும் போகும்.

"என்னக்கா, பக்கம் கிடைக்கலையா?"

"கிடைச்சுது சார். ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து போடறேன்."

"இந்த மழையிலயா? பத்தரைக்குள்ள நான் அனுப்பியாகணும்."

"பத்தரைக்குள்ள சொல்றேன்" என்று பேனாவை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வேனில் வளையம், சம்மட்டி, அளவு நாடா, ஒரு கயிறு. டிரைவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "ஊசியக்கா, ஊரே தண்ணியில மிதக்குது. நீங்க தண்ணி ஊத்திப் பாக்கப் போறீங்க. உங்களை மாதிரி ஆளாலதான் எனக்கு லீவே இல்ல." மற்ற நாளாக இருந்தால் அவளும் ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டிரைவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

தங்கை வீட்டுக்குப் பின்புறம்தான் ஆறாம் இடம். நோட்டில் எழுதியிருந்தபடி, ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் குழாயிலிருந்து பன்னிரண்டாவது அடி. இவள் உண்மையில் அளந்தது பதினேழாவது அடி. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. நாடாவைப் பிடித்துப் பன்னிரண்டாவது அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கரைச் சரிவில் வளையத்தை வைத்துச் சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

வளையம் நிற்கவில்லை. சாயக்கூட இல்லை. ஒரே தட்டில் மொத்தமாக உள்ளே போய்விட்டது.

அதை எடுக்கக் கையை விட்டாள். மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. வளையம் விரலில் தட்டுப்பட்டபோது தோள்பட்டை கரையில் முட்டியிருந்தது. கைக்கு மேலே பாறை மாதிரிக் களிமண், கைக்குக் கீழே வெறும் மணல். அந்த மணலும் நிற்காமல் விரலிடுக்கில் நழுவி ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஓடு, உள்ளே ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே தங்கை வீட்டுக் குளியலறைச் சுவர் இருந்தது.

டிரைவர் மேலேயிருந்து கத்தினார். "அக்கா, என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு!"

"மேல இழுங்க" என்றாள். மேலே வந்ததும் ஈரக் கையாலேயே போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டாள். மணி பத்தேகால்.

"சார், ஆறாம் இடம் தாங்காது. நம்பர் தப்பு."

"மெஷின்ல ஏதாவது கோளாறாக்கா?"

"மெஷின்ல இல்ல சார். என்கிட்ட. வளையம் நிக்கற இடமாப் பாத்துப் பாத்து வச்சிருக்கேன். நிக்காத இடத்தை அளக்கவே இல்ல. அந்த ஓரக் குறிப்பு ஒவ்வொண்ணும் ஒரு பொத்தல் சார்."

மறுமுனையில் டீ கிளாஸ் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "மொத்தம் எத்தனை?"

"இந்த ஓடையில பதினேழு. மத்ததை இன்னும் எண்ணல."

"அணையை நிறுத்த முடியாதுக்கா. நிறுத்தினா அணையே போயிடும். நான் மேல பேசி லாரி அனுப்பச் சொல்றேன். ஆனா அது வர ரெண்டு மணி ஆயிடும். அதுவரைக்கும்..." என்றவர், முடிக்காமல், "அந்தத் தெரு உங்க பேச்சைக் கேக்கும்தானே?" என்றார்.

கேட்கும். பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதுதானே வம்பு.

தச்சர் முன்னறையில் ஒரு ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். மழைக்கு விடுமுறை கிடைத்த பிள்ளைகள் இரண்டும் மரச்சுருளை மாலையாகக் கோத்துக்கொண்டிருந்தன. ஈரம் சொட்ட உள்ளே வந்தவளைப் பார்த்துத் தங்கை துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இவள் துண்டை வாங்கவில்லை.

"மாப்ள, கிளம்புங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். கரை நிக்காது."

தச்சர் சிரித்தார். "அக்கா, நீங்க சொன்ன கரை இது. உங்க ஊசி பொய் சொல்லாதுன்னு சொல்லித்தானே கட்டினோம்?"

"ஊசி பொய் சொல்லல. நான் அதை வேற இடத்துல குத்திட்டேன்."

"என்னக்கா விளையாடறீங்க? வருஷா வருஷம் தண்ணி வருது. ஒரு செங்கல் அசைஞ்சிருக்குமா? இப்ப வந்து போன்னா? இந்தக் கதவைப் பாருங்க. ஒரு கதவுக்கு நாலு மாசம் இழைச்சிருக்கேன். நான் வரல."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊசியக்காவின் வேன் நின்றாலே இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள், அன்று பத்துப் பதினைந்து பேர். "அக்கா, போன வாரம்கூட ஒண்ணும் பயமில்லன்னு சொன்னீங்களே" என்று ஒருத்தி கேட்டாள். "ஊசியக்கா தங்கச்சி வீடே அசையல, நாம எதுக்கு அசையணும்?" என்றார் இன்னொருவர். சொன்னவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சொல் ஊசியக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மண் குதிரையை நம்பி இருபத்தோரு குடும்பமும் ஆற்றில் இறங்கி நிற்கிறது. அந்தக் குதிரையைச் செய்தவள் இவள்.

"எல்லாரும் பின்னால வாங்க. வாயால சொல்லல, காட்டறேன்" என்றாள்.

குளியலறைக்குப் பின்னால் வேலியோரமாக வந்து வரிசையாக நின்றார்கள். இவள் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினாள். தண்ணீர் இப்போது தொடைக்கு வந்திருந்தது. பன்னிரண்டாவது அடியில் வளையத்தை வைத்துத் தட்டினாள். எல்லோர் கண்முன்னாலும் அது விழுங்கின மாதிரி மறைந்தது. தோள்வரை கையை விட்டு எடுத்தாள். பிறகு ஐந்தடி நகர்ந்து, பதினேழாவது அடியில் வைத்து ஓங்கி மூன்று அடி அடித்தாள். வளையம் பாதி இறங்கி உறுதியாக நின்றது. தானே அதன்மேல் ஏறி நின்று காட்டினாள்.

"இது நான் அளந்த இடம்!" மழைச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "அது நான் அளக்காம விட்ட இடம். நீங்கல்லாம் குடியிருக்கறது அதுக்கு மேலதான். நான் சொன்னது தப்பு. என்னைத் திட்டறதை நாளைக்குத் திட்டுங்க. இன்னைக்குக் கிளம்புங்க!"

 ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

தங்கை வேலியைப் பிடித்தபடி கீழே குனிந்தாள். "உனக்குப் பத்து வருஷமாத் தெரியுமாக்கா?"

"எழுதி வச்சேன்டி. எழுதினதோட மறந்துட்டேன்."

"மறந்தியா? மறைச்சியா?"

தண்ணீர் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவள் சொல்லவில்லை.

"தெரியலடி. ஒரு சோதனையும் வீணாகாதவன்னு பேர் எடுக்கணும்னு இருந்தேன். அது மட்டும் தெரியும்."

தங்கை உள்ளே போனாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். பிள்ளைகளின் புத்தகப் பைகளை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தச்சர் வழியை மறித்து நின்றார்.

"அப்ப என் கதவெல்லாம்?"

"கதவு உங்க கையில இருக்கு. வேற செய்வீங்க. இதுங்களைச் செய்ய முடியாது" என்று பிள்ளைகளைக் காட்டிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். அக்காவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தச்சர் வாசல் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்து, வாசல் கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய கதவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். ஊசியக்காவின் கத்தல் செய்யாததை அந்தக் கதவு செய்தது. தச்சர் கதவையே கழற்றிவிட்டார் என்ற செய்தி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. பாத்திரம், பாய், படுக்கை, தொலைக்காட்சிப் பெட்டி என்று கையில் கிடைத்ததோடு தெரு கிளம்பிவிட்டது. ஒன்றரை மணிக்குள் பத்தொன்பது வீடு காலி. மீதி இரண்டு வீட்டையும் லாரியோடு வந்தவர்கள் கெஞ்சியும் மிரட்டியும் கிளப்பினார்கள்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. இரண்டேமுக்காலுக்கு அங்கே நின்று தலையை எண்ணினார்கள். ஓடையின் சத்தம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. ஒரு தலை குறைந்தது. தங்கைதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அவரு எங்க?"

"பின்கதவையும் எடுத்துட்டு வந்துடறேன்னு போனாரே" என்று யாரோ சொன்னார்கள்.

ஊசியக்கா ஓடினாள். ஓடக் கூடாத முழங்கால்கள் அவை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கதவில்லாத வாசல் வழியே உள்ளே போனாள். பின்கட்டில் தச்சர் மண்டியிட்டுக் கடைசிக் கீலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதம் வைத்த இடம் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. குனிந்து பார்த்தாள். குளியலறைக்கும் பின்கட்டுத் தரைக்கும் நடுவில் ஒரு விரிசல். பழக்கதோஷம், விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி விட்டாள். இரண்டு விரல் போயிற்று.

"மாப்ள, விடுங்க! வாங்க!"

"ஒரே ஒரு திருகாணிதான்க்கா..."

 அவள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து, இருபத்திரண்டு வருடம் சம்மட்டி பிடித்த கையால் ஓர் இழுப்பு இழுத்தாள். திருப்புளி எங்கோ போய் விழுந்தது. இருவரும் தெருமுனைக்கு வந்தபோது, பின்னால் பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கனமான மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி ஒரு ஓசை, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது குளியலறை இல்லை, பின்கட்டு இல்லை. திறந்த வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எட்டு வீடு போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. தெருக்காரர்கள் தங்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைப் பார்க்க வந்தார்கள். பன்னிரண்டாவது அடியிலிருந்து குழாய்ப் பக்கமாகக் கரை முழுக்க அரைவட்டமாகப் பிய்ந்து போயிருந்தது. பதினேழாவது அடி அப்படியே இருந்தது. அன்று அடித்த வளையம் அதில் ஓர் அங்குலம்கூட அசையாமல் நின்றது. தங்கை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அக்காவிடம் பேசவில்லை.

ஊசியக்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'எழுதியிருப்பது எல்லாம் உண்மை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். எட்டு ஓடைகளின் நோட்டையும் உட்கார்ந்து எண்ணினாள். இருநூற்று ஆறு இடம். இன்ஜினியர் அத்தனையையும் அட்டவணையில் சிவப்பாக்கினார். விளக்கக் கடிதத்துக்குக் கீழே, குறிப்பைக் கேட்டும் விட்டுவிட்டது தன் தவறு என்று தன் கையெழுத்தையும் போட்டார். புதுப் படிவத்தில் முதல் கட்டமே, 'வளையம் நின்றதா?' இப்போது அவளுடைய சோதனைகளில் பாதி வீணாகிறது. கைராசி போய்விட்டது என்று டிரைவர் கேலி செய்கிறார். போகட்டும் என்கிறாள்.

பகலெல்லாம் வேலை காப்பாற்றியது. வீட்டுக்கு வந்தால் போன் ஒலிக்காது. பத்தொன்பது நாள். தூக்கி வளர்த்த பிள்ளை பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை.

இருபதாவது நாள் காலையில் தங்கை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஒரு வீடு பாத்திருக்கோம். வாடகைக்கு. வந்து பாரு."

ஓடையிலிருந்து தள்ளி, ஒரு சரிவின் மேல் இருந்தது அந்த வீடு. தச்சர் தன் ஒற்றைக் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். ஊசியக்கா முற்றத்து மண்ணைக் கிள்ளினாள். பல்லில் வைத்துக் கடித்தாள். வழவழவென்று இருந்தது.

"எப்படிக்கா?" என்றாள் தங்கை.

பழைய பதில் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"மேல கெட்டியா இருக்கு. கீழ தெரியாது. நாளைக்கு வந்து தோண்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

தங்கை அவளையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம்டி" என்றாள் அக்கா. 

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது கையில் கடப்பாரை இருந்தது. "நாளைக்கு எதுக்கு? இப்பவே தோண்டு. நான் மண்ணை அள்ளறேன்" என்றாள்.

முதல் அடி முழுக்கக் கெட்டிக் களிமண். ஊசியக்கா நிறுத்தாமல் தோண்டினாள்.